கொல்லையில் கிடப்பது யார் போட்டது? கழிவைப் பார்த்து விலங்கை அடையாளம் காண ஒரு வழிகாட்டி

தமிழில் விலங்குகளின் கழிவுக்கு ஒரே பெயர் கிடையாது. ஆடும் எலியும் முயலும் போடுவது புழுக்கை. பறவையும் பல்லியும் இடுவது எச்சம். மாட்டுக்குச் சாணம், யானைக்கும் குதிரைக்கும் இலத்தி, கழுதைக்கு விட்டை. ஒவ்வொரு சொல்லும் ஓர் உருவத்தைக் கண்முன் கொண்டுவருகிறது. புழுக்கை என்றால் உருண்டை உருண்டையாக உதிர்ந்து கிடப்பது, எச்சம் என்றால் வெள்ளை கலந்தது, சாணம் என்றால் கூழாக விழுந்து படிவது. ஊர்ப்புறத்தில் மரமும் வேலியும் உள்ள வீட்டின் கொல்லையில் திடீரென்று ஏதோ கிடந்தால், எந்த விலங்கு என்று உடனே பெயருக்குத் தாவாதீர்கள். இது புழுக்கையா, எச்சமா, இரண்டும் இல்லாத நீளக் கழிவா என்று முதலில் கேளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பெயருக்குத் தாவுவதால் என்ன ஆகும் என்பதை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன். ஒரு மழைக்காலத்தில், பின்வாசல் விளக்கடியில் தினமும் காலையில் கறுப்பாக ஓர் உருளை கிடந்தது. சுண்டுவிரலைவிடச் சற்று மெலிசு, இரண்டு சென்டிமீட்டருக்குக் குறையாத நீளம். பெருச்சாளிதான் என்று முடிவுகட்டி எலி விஷம் வாங்கி வைத்தோம். ஒரு வாரமாகியும் விஷக்கட்டியை எதுவும் தொடவில்லை, உருளை விழுவதும் நிற்கவில்லை. கடைசியில் ஒன்றைத் தண்ணீரில் நனைத்துக் குச்சியால் பிரித்தேன். உள்ளே முழுக்க எறும்புத் தலைகள், வண்டுகளின் மினுங்கும் மேலோடுகள், ஒடிந்த சின்னச் சின்னக் கால்கள். தானியத்தின் தவிடோ நாரோ ஒரு துளிகூட இல்லை. அன்றிரவு விளக்கை எரியவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தோம். ஒன்பது மணிக்கு மேல் பூந்தொட்டிக்குப் பின்னாலிருந்து கொழுத்த தேரை ஒன்று நகர்ந்து வந்து, விளக்குக்கு வரும் பூச்சிகளை ஒவ்வொன்றாக நக்கி விழுங்க ஆரம்பித்தது.

தேரையின் உடம்பைப் பார்த்தால் அவ்வளவு பெரிய கழிவு அதனுடையது என்று யாருக்கும் தோன்றாது. ஆனால் அதுதான் உண்மை. எங்களுக்கு ஒரு நல்லது செய்துகொண்டிருந்த உயிருக்காக நாங்கள் விஷம் வைத்திருந்தோம். அந்த விஷத்தை ஓர் எலி தின்று, தள்ளாடும் அந்த எலியை ஓர் ஆந்தை தின்றிருந்தால் ஆந்தையும் செத்திருக்கக்கூடும். ரத்தம் உறைவதைத் தடுக்கும் எலி விஷங்கள் அப்படித்தான் ஒரு வயிற்றிலிருந்து இன்னொரு வயிற்றுக்குப் போகின்றன. அதனால்தான் அடையாளம் சரியாக இருக்கவேண்டும் என்று இவ்வளவு வலியுறுத்துகிறேன்.

கிட்டே போவதற்கு முன்

வெறுங்கையால் தொடாதீர்கள். முகர்ந்து பார்க்காதீர்கள். காட்டில் தடம் பார்த்துப் பழகியவர்கள் வாடையை வைத்தே நரியா, நாயா என்று சொல்வதுண்டு. புதியவர்களுக்கு அது வேண்டவே வேண்டாம். குழந்தைகளையும் வளர்ப்பு நாய், பூனைகளையும் அந்தப் பக்கம் விடாதீர்கள்.

காய்ந்த கழிவைத் துடைப்பத்தால் பெருக்காதீர்கள். வாக்கியூம் கிளீனரும் கூடாது. இதை ஏதோ அதிகப்படியான பயம் என்று நினைத்துவிடவேண்டாம். 1993-இல் அமெரிக்காவின் தென்மேற்குப் பகுதியில், திடமாக இருந்த இளம் வயதினர் சிலர் திடீரென்று மூச்சுத்திணறி இறந்தார்கள். காரணம் ஒருவகை ஹான்டா வைரஸ் என்றும், அதைச் சுமப்பது மான் எலி என்ற சிறு எலி என்றும் பிறகு தெரிந்தது. எலியின் மூத்திரமும் புழுக்கையும் காய்ந்து தூளாகி, அந்தத் தூசி மூச்சோடு உள்ளே போவதுதான் அது பரவும் முக்கிய வழி. வௌவால் கழிவு குவிந்த இடங்களில் வளரும் ஹிஸ்டோபிளாஸ்மா என்ற பூஞ்சையும் தூசி வழியாகவே நுரையீரலுக்குப் போகிறது. பூனைக் கழிவில் டாக்ஸோபிளாஸ்மா ஒட்டுண்ணி இருக்கக்கூடும் என்பதால் கர்ப்பிணிகள் அதைக் கையாளவே கூடாது.

தேவையானவை கொஞ்சம்தான். ரப்பர் கையுறை, முகக்கவசம், இரண்டு குச்சிகள், ஒரு ஸ்கேல், தண்ணீர் தெளிக்கும் பாட்டில், போன்.

முதல் படி: கிடக்கும் இடத்தைப் பாருங்கள்

குனிவதற்கு முன் நிமிர்ந்து நின்று சுற்றிலும் பார்க்கவேண்டும். இதைத்தான் எல்லோரும் தவறவிடுகிறார்கள். கழிவையே உற்றுப் பார்ப்பதைவிட, அது ஏன் இந்த இடத்தில் விழுந்தது என்று யோசிப்பது அதிகம் சொல்லித்தரும்.

நடைபாதையின் நட்டநடுவில், ஒரு கல்லின் மேல், படியின் விளிம்பில், எல்லோர் கண்ணிலும் படும்படி கிடக்கிறதா? அது தற்செயலாக விழுந்ததாக இருக்காது. நரி போன்ற விலங்குகள் "இது என் இடம்" என்று அறிவிக்கவே அப்படிப் போடுகின்றன. சுவரை ஒட்டி வரிசையாகச் சிதறிக் கிடக்கிறதா? எலி திறந்த வெளியைத் தவிர்த்து, சுவரோரமாகவே ஓடும். ஓடும் வழியெல்லாம் போட்டுக்கொண்டே போகும். அதே வழியில் சுவரின் அடிப்பகுதி எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்திருந்தால் சந்தேகமே வேண்டாம்.

மதில் மேலோ கூரை மேலோ கிடந்தால் மரமேறும் விலங்கு. கூரை இறவாரத்துக்கு நேர் கீழே சுவரில் ஒட்டியும் தரையில் குவிந்தும் இருந்தால் அண்ணாந்து பாருங்கள், ஒரு பிளவு தெரியும், அது வௌவாலின் வாசல். புல்தரையில் பரவலாகக் கிடந்தால் மேய வந்தது. மண்ணைத் தோண்டி மூடியிருந்தால் பெரும்பாலும் பூனை.

ஒரே இடத்தில் பழையதும் புதியதுமாகக் குவிந்திருந்தால் கொஞ்சம் நிதானியுங்கள். கழிப்பிடம் என்று ஓர் இடத்தை வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப அங்கேயே வரும் விலங்குகள் சில உண்டு. வடஅமெரிக்காவின் ரக்கூன் என்ற இரவு விலங்கு அதில் முக்கியமானது, அதைப் பற்றிக் கீழே தனியாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: படம் எடுங்கள், அளந்து பாருங்கள்

பக்கத்தில் ஸ்கேலை வைத்து மேலிருந்து ஒரு படம், பக்கவாட்டில் ஒரு படம். ஸ்கேல் இல்லாமல் எடுத்த படத்தால் பயனில்லை, அதில் சுண்டெலிப் புழுக்கையும் மான் புழுக்கையும் ஒன்றுபோலவே தெரியும்.

நீளத்தைவிடப் பருமனை நம்புங்கள். நீளக் கழிவு துண்டு துண்டாக உடையும், அன்றைய தீனியைப் பொறுத்துக் கூடும் குறையும். பருமன் அந்த விலங்கின் உடலளவோடு சேர்ந்து வருவது, அவ்வளவாக மாறாது. எத்தனை கிடக்கின்றன என்றும் எண்ணிவையுங்கள். ஒன்றே ஒன்றா, பத்துப் பன்னிரண்டா, நூற்றுக்கணக்கா என்பதும் ஒரு குறிதான்.

மூன்றாம் படி: உருவத்தை வைத்துப் பிரியுங்கள்

வெள்ளையிலிருந்து தொடங்குங்கள். கழிவில் சுண்ணாம்பு போல வெள்ளை இருந்தால் அது பறவை, பல்லி, ஓணான், பாம்பு ஆகியவற்றில் ஒன்று. பாலூட்டிகள் உடலின் நைட்ரஜன் கழிவை மூத்திரமாக நீரோடு தனியே விடுகின்றன. பறவைகளும் ஊர்வனவும் நீரைச் சிக்கனம் பிடித்து, அதை யூரிக் அமிலக் குழம்பாக, மலம் வரும் அதே வாசல் வழியாகவே விடுகின்றன. அந்த வெள்ளை, யூரிக் அமிலம். ஒரு சின்னக் கறுப்புக் குச்சி, அதன் ஒரு நுனியில் மட்டும் வெள்ளைப் பொட்டு என்றால் பல்லி. அதே அமைப்பு விரல் பருமனில், உள்ளே ரோமத்தோடு இருந்தால் பாம்பாக இருக்கலாம். தெறித்து விழுந்தது பறவை. புல் தின்னும் வாத்தினம் மட்டும் பச்சையாக, உருளை உருளையாகப் போட்டு நம்மைக் குழப்பும், ஆனால் அதிலும் ஓரிடத்தில் வெள்ளை ஒட்டியிருக்கும்.

அடுத்தது புழுக்கை. இதில்தான் புதியவர்கள் அதிகம் தடுமாறுவார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

சுண்டெலிப் புழுக்கை 3 முதல் 6 மில்லிமீட்டர், ஓர் அரிசி மணியைவிடச் சிறியது, நுனிகள் கூர்மை. கூரை எலியினுடையது ஏறக்குறைய 12 மில்லிமீட்டர், மெலிசாகச் சற்றே வளைந்து இரு நுனியும் கூம்பியிருக்கும். சாக்கடையிலும் வளையிலும் வாழும் பழுப்பு எலியினுடையது 18, 20 மில்லிமீட்டர் வரை வரும், நுனிகள் மழுங்கி கேப்சூல் மாத்திரை போல இருக்கும். இந்த ஒரு வேறுபாட்டைத் தெரிந்துகொண்டால், எலியை மேலே தேடுவதா கீழே தேடுவதா என்ற கேள்விக்கும் விடை கிடைத்துவிடுகிறது. கூரை எலி மரக்கிளை வழியாகவும் கம்பி வழியாகவும் பரணுக்கு வரும். பழுப்பு எலி தரையோடு தரையாக வரும். அணில் புழுக்கை எலியினுடையதைவிடக் குட்டையாகவும் உருண்டையாகவும் இருக்கும், ஓரமாக வரிசைகட்டாமல் மரத்தடியில் ஆங்காங்கே விழுந்திருக்கும்.

வௌவால் கழிவு பார்ப்பதற்குச் சுண்டெலிப் புழுக்கையே. பிரித்தறிய ஒரே ஒரு சோதனை போதும். நனைக்காமல் செய்யவேண்டிய சோதனை இது ஒன்றுதான் என்பதால் முகக்கவசம் போட்டுக்கொண்டு, திறந்த வெளியில், ஒன்றே ஒன்றை மட்டும் எடுத்துக் குச்சியால் அழுத்துங்கள். எலிப் புழுக்கை கல்லாக இருக்கும், உடைந்தால் துண்டாகும். பூச்சி தின்னும் வௌவாலின் கழிவு பொலபொலவென்று உதிர்ந்துவிடும், வெயிலில் பிடித்தால் அந்தத் தூள் மினுமினுக்கும். அந்த மினுமினுப்பு அது தின்ற பூச்சிகளின் இறகுத் துணுக்குகள். பழந்தின்னி வௌவால் இதில் சேராது. அது பறந்துகொண்டே விதையும் சாறுமாகப் பீய்ச்சிவிட்டுப் போகும், காலையில் சுவரில் நீள நீளமாக வழிந்திருக்கும்.

முயல் புழுக்கை மிளகைவிடப் பெரியது, ஒரு சென்டிமீட்டருக்குக் கிட்டே, ஏறக்குறைய முழு உருண்டை. குச்சியால் பிளந்தால் உள்ளே காய்ந்த புல் தூளைத் தவிர வேறொன்றும் இராது. முயலின் தீனி இரண்டு முறை குடலைக் கடக்கிறது. முதல்முறை வெளிவரும் மென்மையான கழிவை அது உடனே வாயால் எடுத்து விழுங்கிவிடும். இரண்டாம் முறை வருவதைத்தான் நாம் பார்க்கிறோம், அதனால்தான் அவ்வளவு உலர்ந்திருக்கிறது. குழிமுயலைவிடப் பெரிய காட்டு முயலினுடையது சற்றுப் பெரிதாகவும் தட்டையாகவும் இருக்கும்.

மான் வருகிற இடமென்றால் ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் நீள்வட்டப் புழுக்கைகள் குவியலாகக் கிடக்கும். பெரும்பாலும் ஒரு முனை கூர்ந்தும் மறுமுனை குழிந்தும் இருக்கும். மழைக்குப் பின் இளம்புல் கிடைத்தால் எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகிவிடும். அதைப் பார்த்து வேறு விலங்கு என்று நினைக்கவேண்டாம், கட்டியின் ஓரத்தில் தனிப் புழுக்கையின் வடிவம் தெரியும்.

மூன்றாவது, நீளக் கழிவு. இறைச்சி தின்பவையும் எல்லாம் தின்பவையும் இந்தக் கூட்டம். நரியினுடையது ஒன்றரை, இரண்டு சென்டிமீட்டர் பருமன், முறுக்கிய கயிறு போல இருந்து ஒரு நுனி வாலாக இழுபட்டிருக்கும். அந்த முறுக்கும் வாலும் உள்ளே இருக்கும் ரோமத்தால் வருவது. வடஅமெரிக்காவின் கயோட்டி என்ற நாயின விலங்கு போடுவதும் இதே அமைப்புதான், இன்னும் தடிமன். வீட்டு நாயினுடையதில் முறுக்கு இராது. பையில் விற்கும் தீனி தின்னும் நாயின் கழிவு உள்ளும் புறமும் ஒரே மாவாக இருக்கும், ரோமம், எலும்பு, விதை எதுவும் தென்படாது. பூனையினுடையது கணுக் கணுவாகப் பிரிந்து, நுனி மழுங்கியிருக்கும்.

முள்ளெலி போடுவது ஒரு சென்டிமீட்டர் பருமனுக்குள், கன்னங்கறுப்பாக, வண்டோடுகள் பளபளக்கக் கிடக்கும், அதுவும் புல்தரையின் நடுவில். கீரியினுடையது மெலிந்து முறுக்கி, ரோமமும் பூச்சி ஓடும் கலந்திருக்கும். மரநாயை அடையாளம் காண்பது எளிது: மதில் மேலோ கூரை மேலோ, முழு முழு விதைகளாக ஒட்டிக்கொண்ட ஓர் உருளை. பழச்சதை மட்டும் செரித்து விதை அப்படியே வெளியே வந்திருக்கும். குரங்கு போடுவது மனிதக் கழிவைப் போலவே இருக்கும் என்பதால் உருவத்தை விட்டுவிட்டு, ஒடிந்த கிளையையும் கடித்தெறிந்த காயையும் தேடுங்கள்.

தட்டு அளவுக்குக் குவிந்து, விதையும் தோலுமாக ஒரு பெரிய குவியல் கிடக்கிறது, உங்கள் பகுதியில் கரடி உண்டு என்றால், அளவெடுக்கவெல்லாம் நிற்காதீர்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திவிட்டு வனத்துறைக்குச் சொல்லுங்கள்.

உருவம் குடலில்தான் தீர்மானமாகிறது என்பதற்கு ஒரு விநோத சாட்சி உண்டு. ஆஸ்திரேலியாவின் வாம்பட் என்ற விலங்கு போடுவது கனசதுரம். அதன் குடற்சுவர் எங்கும் ஒரே மாதிரி இல்லாமல், சில இடம் விறைப்பாகவும் சில இடம் நெகிழ்வாகவும் இருப்பதால் அப்படி மூலை விழுகிறது. இதைக் கண்டறிந்தவர்களுக்கு 2019-இல், சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரும் இக் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் கொல்லையில் கனசதுரம் கிடந்தால் அடையாளம் காண்பதில் சிரமமே இல்லை.

நான்காம் படி: உள்ளே என்ன இருக்கிறது

உருவம் ஏமாற்றும், வயிற்றுக்குள் போனது ஏமாற்றாது. கையுறை, முகக்கவசம் போட்டுக்கொண்டு, காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி நின்று, கழிவின் மேல் நன்றாகத் தண்ணீர் தெளியுங்கள். நனைந்தபின் இரண்டு குச்சிகளால் மெல்லப் பிரியுங்கள். ரக்கூன் உள்ள நாடாக இருந்து, கழிவு குவியலாகக் கிடந்தால் மட்டும் இந்தப் படியைச் செய்யவே வேண்டாம்.

புல் நார் மட்டுமே இருந்தால் மேய்வது. ரோமமும் உடைந்த எலும்புச் சில்லும் இருந்தால் வேட்டையாடுவது. பூச்சி ஓடுகள் மட்டுமே இருந்தால் முள்ளெலி, தேரை, அமெரிக்கக் கண்டத்தில் என்றால் நாற்றத் திரவம் பீய்ச்சும் ஸ்கங்க். விதைகள் இருந்தால் அவை என்ன விதை என்று பாருங்கள். உங்கள் தோட்டத்து மரத்தின் விதைதானா? அப்படியானால் அந்த விலங்கு எதற்காக வருகிறது என்பதும் தெரிந்துவிட்டது. மீன் செதில் இருந்து, பக்கத்தில் குளமோ ஓடையோ இருந்தால் நீர்நாயை நினைத்துப் பார்க்கலாம்.

ஒன்றை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். எல்லாம் தின்னும் விலங்கின் கழிவு பழம் பழுக்கும் காலத்தில் ஒரு மாதிரி, எலி கிடைக்கும் காலத்தில் வேறு மாதிரி. நரியே பழம் தின்ற வாரத்தில் விதையும் கூழுமாகப் போடும். இரண்டு மூன்றைப் பார்த்தபின் வாயைத் திறப்பது நல்லது.

கழிவே இல்லாதவையும் புழுக்களின் கழிவும்

ஆந்தை உட்காரும் மரத்தடியில் சாம்பல் நிறத்தில், கட்டைவிரல் அளவில், பஞ்சை அடைத்தது போன்ற உருண்டை கிடக்கும். அதைக் கழிவு என்று நினைப்பவர்கள் அதிகம். ஆந்தை இரையை முழுசாக விழுங்கி, செரிக்காத ரோமத்தையும் எலும்பையும் பல மணி நேரம் கழித்து வாய் வழியாகக் கக்கிவிடும். நனைத்துப் பிரித்தால் சுண்டெலியின் மண்டையோடு பல்வரிசையோடு அப்படியே கிடைக்கும். நரிக் கழிவில் எலும்பு சில்லுச் சில்லாக நொறுங்கியிருக்கும், ஆந்தை கக்கியதில் முழுசாக இருக்கும். இது கிடைத்தால் மகிழுங்கள். எலிக்கு மருந்து வைக்காமலே ஓர் ஆள் உங்களுக்காக இரவு முழுக்க வேலை பார்க்கிறது.

செடிக்கு அடியில் மிளகளவில் பச்சையாகவோ கறுப்பாகவோ குவிந்து, ஒவ்வொன்றிலும் நீளவாக்கில் வரி ஓடினால் அது பெரிய கம்பளிப்புழு அல்லது கொம்புப்புழுவின் கழிவு. நேர் மேலே இலைகளைப் புரட்டினால் புழு அகப்படும். மண் சுருள் சுருளாகக் குவிந்திருந்தால் மண்புழு. மழை பெய்த மறுநாள் மரத்தூள் பரப்பிய இடத்தில் மஞ்சளாக, நாய் கக்கியது போல நுரைத்துக் கிடந்தால் அது விலங்கு சம்பந்தப்பட்டதே இல்லை. சளிப்பூஞ்சை என்று சொல்லப்படும் ஓர் உயிர் அது. சில நாளில் தானே காய்ந்து பழுப்புத் தூளாகிவிடும்.

ஐந்தாம் படி: உறுதி செய்யுங்கள்

இருப்பதையெல்லாம் அப்புறப்படுத்திவிட்டு மறுநாள் காலையில் அதே இடத்தைப் பாருங்கள். புதிதாக விழுந்தால் விலங்கு இன்னும் வருகிறது. புதிய எலிப் புழுக்கை மெத்தென்று மினுங்கும், நாளாக நாளாக மங்கி வெளுத்துக் கெட்டியாகும். பழையதை மட்டும் பார்த்துவிட்டு, எப்போதோ போய்விட்ட எலிக்குப் பொறி வைப்பதில் அர்த்தமில்லை.

அடுத்து, ஓர் அகலத் தட்டில் பொடி மணலைப் பரப்பி, லேசாக ஈரப்படுத்திச் சமப்படுத்தி, விலங்கு வரும் வழியில் மாலையில் வைத்துவிடுங்கள். காலையில் கால்தடம் பதிந்திருக்கும். விரல்களை எண்ணுங்கள். நான்கு விரல், நக முனையோடு என்றால் நாய், நரி. நான்கு விரல், நகமில்லை என்றால் பூனை, ஏனென்றால் பூனை நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும். ஐந்து விரல் என்றால் கீரி, மரநாய், முள்ளெலி, ரக்கூன் வகையறா. முன்காலில் நான்கு, பின்காலில் ஐந்து என்று வந்தால் எலி, அணில். இந்த மணல் தட்டு எனக்குத் தந்த தெளிவை எந்தப் படமும் தந்ததில்லை. அசைவைக் கண்டு தானே இயங்கும் காமெரா இருந்தால் இன்னும் சுலபம்.

ரக்கூன் கழிப்பிடம்

ரக்கூன் வடஅமெரிக்காவின் பெரும்பகுதியில் உண்டு. 1934-இல் ஜெர்மனியின் எடர்சே ஏரிப் பகுதியில் இரண்டு ஜோடிகள் விடப்பட்டன, இன்று ஐரோப்பாவில் பல இடங்களில் பரவியிருக்கிறது. வளர்ப்பு விலங்காகக் கொண்டுபோன ஜப்பானிலும் தப்பித்துப் பெருகிவிட்டது. மரத்தடி, கூரை, மரக்கட்டைக் குவியல், பரண் என்று ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு அங்கேயே போடும். இரண்டு சென்டிமீட்டர் பருமன், மழுங்கிய நுனி, உள்ளே விதைகள்.

ரக்கூனின் குடலில் பேலிசாஸ்காரிஸ் என்ற உருளைப்புழு வாழ்வதுண்டு. அதன் முட்டைகள் கழிவோடு வந்து, இரண்டிலிருந்து நான்கு வாரத்தில் தொற்றும் நிலையை அடைகின்றன. மண்ணில் ஆண்டுக்கணக்கில் சாகாமல் கிடக்கும். மனிதர்களுக்குத் தொற்றுவது அரிது. ஆனால் தொற்றினால் மூளையையும் கண்ணையும் தாக்கும். மண்ணை வாயில் வைக்கும் வயதுக் குழந்தைகளுக்குத்தான் ஆபத்து அதிகம். அதனால் புதிய கழிவை அன்றன்றே எடுத்துவிடுவது நல்லது. பிளீச் கரைசல் இந்த முட்டைகளைக் கொல்லாது. கழிவை அள்ளியபின் அந்த இடத்தில் கொதிக்கும் தண்ணீரை ஊற்றவேண்டும்.

சுத்தம் செய்யும் முறை

எலி, வௌவால் போன்றவற்றின் கழிவு மூடிய அறையிலோ பரணிலோ இருந்தால் முதலில் கதவு ஜன்னல்களைத் திறந்துவிட்டு அரை மணி நேரம் வெளியே இருங்கள். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கழிவின் மேல் சொட்டச் சொட்டத் தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிடுங்கள். பிறகு காகிதத்தால் வழித்து எடுத்துப் பையில் போட்டுக் கட்டி, அந்தப் பையை இன்னொரு பையில் போட்டுக் கட்டுங்கள். தரையை மறுபடியும் துடையுங்கள். பிளீச்சோடு அம்மோனியாவோ வேறு கழிவறைத் திரவமோ கலந்துவிடாதீர்கள், நச்சு வாயு கிளம்பும். கையுறையைக் கழற்றுவதற்கு முன் அதன் வெளிப்புறத்தைக் கழுவி, கழற்றியபின் சோப்பால் கையைக் கழுவுங்கள். வௌவால் கூட்டம் வருடக்கணக்கில் தங்கிப் பரணில் அடுக்கடுக்காகச் சேர்ந்திருந்தால் அதை நீங்களே அள்ள முயலாதீர்கள். அதற்கென்று தகுந்த சுவாசக் கவசத்தோடு வேலை செய்பவர்களை அழையுங்கள்.

காய்கறிப் பாத்தியில் விழுந்திருந்தால், பட்ட இலைகளையும் காய்களையும் தூக்கிப் போட்டுவிடுங்கள். கழுவிச் சமைத்துவிடலாம் என்று மிச்சம் பிடிக்கவேண்டாம். ஆடுமாட்டுக் கழிவை மக்கவைத்து உரமாக்குவது போல நரி, பூனை, ரக்கூன் கழிவுகளை உரக்குழியில் சேர்க்கவும் கூடாது.

வருவதை நிறுத்த

யார் என்று தெரிந்தபின் செய்யவேண்டியது பெரும்பாலும் ஒரு சின்ன மாற்றம்தான். எலி என்றால் இரவில் வெளியே கிடக்கும் வளர்ப்பு விலங்கின் தீனியை எடுத்து வையுங்கள், விரல் நுழையும் சந்துகளையெல்லாம் கம்பி வலையால் அடையுங்கள். சுண்டெலிக்குச் சுண்டுவிரல் பருமன் துளையே போதும். மரநாய் என்றால் உதிர்ந்த பழங்களைப் பொழுது சாய்வதற்குள் பொறுக்கிவிடுங்கள், கூரையைத் தொடும் கிளையை வெட்டுங்கள். முயல், மான் என்றால் வேலி. தேரை, முள்ளெலி, ஆந்தை என்றால் எதுவும் செய்யவேண்டாம், எலி விஷம், பூச்சி மருந்து இரண்டையும் மட்டும் தோட்டத்துக்குள் கொண்டுவராதீர்கள்.

கூரைப் பிளவை அடைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். வௌவாலும் மரநாயும் அங்கே குட்டி போட்டிருக்கக்கூடும். தாய் இரை தேடப் போன நேரத்தில் அடைத்துவிட்டால் குட்டிகள் உள்ளே பசியால் சாகும். தாய் வெளியே தவித்துக் கூரையைப் பிறாண்டும். ஒன்றிரண்டு நாள் அந்திநேரத்தில் கீழே நின்று, போவது வருவதைப் பாருங்கள். உள்ளிருந்து கீச்சென்று குரல் கேட்டால் அடைக்கும் வேலையைத் தள்ளிப்போடுங்கள். குட்டிகள் வளர்ந்து அவையும் வெளியே போய்வரத் தொடங்கிய பிறகு, எல்லாம் வெளியேறிவிட்ட ஓர் இரவில் பிளவை மூடலாம்.